மத்தியானத் தூக்கம்

ராணியம்மாளுக்குப் புத்தி தடுமாறுகிறது என்பது முதலில் அடுப்படியில்தான் தெரிந்தது. கொதிக்கிற உலையில் அரிசிக்குப் பதிலாகக் கல்லுப்பை அள்ளிப் போட்டாள். போட்டது மருமகள்தான் என்று தெருவுக்கே கேட்கும்படி சண்டையும் பிடித்தாள். மருமகள் அம்சவள்ளி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதலாக மாமியாரின் வாயிலிருந்து நல்ல சொல் கேட்டுப் பழக்கமில்லாதவள் அவள். வயசாக ஆகக் கிழவிக்குக் குணம் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு, உலையைக் கொட்டிவிட்டு வேறு உலை வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. கிழமை மறந்தது, மாசம் மறந்தது, புருஷன் செத்துப்போனது மறந்தது. பொழுது சாய்ந்தால் அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கழனிக்குப் போகவேண்டும் என்று கிளம்புவாள். தடுத்தால் அடிப்பாள். காதில் கிடந்த கம்மலைத் தானே கழற்றி எங்கேயோ செருகிவிட்டு, "இந்தத் திருட்டு முண்ட என் கம்மல அவ ஆத்தா வூட்டுக்குக் குடுத்துட்டா" என்று அழுவாள். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிவாள். இருட்டினால் விழித்துக்கொள்வாள். கதவைத் தட்டுவாள், பாத்திரத்தை உருட்டுவாள். "எங்க வூட்டுக்குப் போவணும். என்னைக் கொண்டாந்து இங்க அடைச்சி வச்சிக்கினு இருக்கிறாளுவ" என்பாள். நாளடைவில் வெளிக்குப் போவதும் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. இருந்த இடத்திலேயே இருந்துவிட்டு அதைக் கையால் எடுத்துச் சுவரில் தடவுவாள். அம்சவள்ளி தண்ணீர் சேந்தி, கழுவி, புடவை மாற்றி, தரையை மெழுகி முடிப்பதற்குள் மறுபடியும் ஆகியிருக்கும்.

மணலூர்பேட்டைக்கு மேற்கே பெண்ணையாற்றை ஒட்டியிருந்தது அந்த ஊர். அம்சவள்ளியின் புருஷன் தனசேகரனுக்குக் கொஞ்சம் கரும்பும் கொஞ்சம் நெல்லும் இருந்தன. கெட்டவன் இல்லை. குடிக்கமாட்டான், பெண்டாட்டிமேல் கை நீட்டமாட்டான். மணலூர்பேட்டைக்குப் போனால் அம்மாவுக்கு மறக்காமல் பன் வாங்கி வருவான். பக்கத்தில் உட்கார்ந்து பிட்டுப் பிட்டுக் கொடுப்பான். அவளோ அவன் முகத்தைப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் புள்ளப்பா?" என்று கேட்பாள். அதை அவனால் தாங்க முடியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான். ஜாதிச் சங்கத்து ஆட்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு ஊர் அடங்கின பிறகுதான் வருவான்.

சங்கம் அவனுக்குப் பொழுதுபோக்கு இல்லை. மகன் வெற்றிவேல் நல்ல மார்க் வாங்கியும் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல், பெங்களூரில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். நம்ம ஜாதிக்கென்று தனியாக இடம் ஒதுக்கினால்தான் நம்ம பிள்ளைகள் தலையெடுக்கும் என்று சங்கத்தார் பேசியபோது, தனசேகரனுக்கு அது தன் வீட்டுக் கதையாகவே பட்டது.

கிழவியை ஒரு தடவை கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கிழவியிடம் பெயர் கேட்டார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். கிழவி அவரிடம் நெல் என்ன விலை போகிறது என்று கேட்டாள்.

"மூளை சுருங்கிட்டே வருது. வயசானவங்க சில பேருக்கு இப்படி வரும். குணமாக்க மருந்து கிடையாது. கூட இருந்து பாத்துக்கத்தான் முடியும்" என்றார் டாக்டர். பிறகு அம்சவள்ளியின் கண்களைப் பார்த்தவர், "நீ இப்படி வாம்மா" என்று அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். ஒரு தடவை பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

"தலை வலிக்குதா?"

"பின்னந்தலையில எப்பவும் வலிச்சிக்கினேதான் இருக்குதுங்க."

"தூங்குறியா?"

"எங்கங்க தூங்கறது?"

"பிரஷர் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. மாத்திரை எழுதித் தர்றேன், ஒரு நாள்கூட விடக் கூடாது. ராத்திரி முடியலன்னா பகல்லயாவது தூங்கு. இல்லன்னா இவங்களுக்கு முன்னால நீ போயிடுவ."

தனசேகரன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "டாக்டருங்க அப்பிடித்தான் பயமுறுத்துவானுவ" என்றான். ஆனால் மாத்திரையை ஒழுங்காக வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

அம்சவள்ளி பகலில் தூங்குவதற்கு வழி செய்தவள் சின்னக்கண்ணு. ஊருக்கு வெளியே இருந்த காலனியிலிருந்து வந்து அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டி, சாணி வாரி, வரட்டி தட்டிவிட்டுப் போகிறவள் அவள். வருவதும் போவதும் பின்பக்கத் தோட்டத்து வழியாகத்தான். ஒரு நாள் கிழவி காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை. மருமகள் விஷம் வைக்கிறாள் என்று தட்டைத் தட்டித் தட்டி விட்டாள். அம்சவள்ளி கிணற்றடிக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். பார்த்தால், கிழவி தோட்டத்து மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சின்னக்கண்ணு தன் தூக்குச்சட்டியில் இருந்த கேழ்வரகுக் களியை உருட்டிக் கிழவியின் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னா பண்ற நீ?" என்றாள் அம்சவள்ளி.

"நா ஒண்ணும் பண்ணலம்மா. அதுவா வந்து ஒக்காந்துச்சி. 'கோவிந்தம்மா, பசிக்குதுடி'ன்னுச்சி. யாரும்மா அது கோவிந்தம்மா?"

கோவிந்தம்மா கிழவியின் தங்கை. சின்ன வயசில் அம்மை கண்டு செத்துப்போனவள்.

அம்சவள்ளி முதலில் யாராவது பார்க்கிறார்களா என்று வேலிப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. கிழவி களியை விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள். அம்சவள்ளி உள்ளே போய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அன்று முதல் அது வழக்கமாயிற்று. மத்தியானம் கொட்டகை வேலை முடிந்ததும் சின்னக்கண்ணு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கிழவிக்குச் சோறு ஊட்டுவாள். அம்சவள்ளி கூடத்துத் தரையில் தலைக்குக் கையை வைத்துப் படுப்பாள். படுத்ததுதான் தெரியும். வெயில் சாய்ந்து, "யம்மா, நா கெளம்பறன்" என்று சின்னக்கண்ணு குரல் கொடுக்கும்போதுதான் எழுந்திருப்பாள். அந்தத் தூக்கம் இருந்ததால் இரவில் விழித்திருக்க முடிந்தது. தலைவலிகூடக் கொஞ்சம் மட்டுப்பட்டது.

சின்னக்கண்ணு தர்மத்துக்குச் செய்யவில்லை. கூட ஒரு படி கம்பு கேட்டாள், அம்சவள்ளி கொடுத்தாள். கிழவியின் வெற்றிலையை எடுத்துத் தான் போட்டுக்கொள்வாள். சில நாள் அவளே மரத்தில் சாய்ந்து தூங்கிவிடுவாள், கிழவி போய் எருக்குழியில் இறங்கி நிற்பாள். சலிப்பு வந்தால் "சும்மா கெட கெழவி" என்று அதட்டவும் செய்வாள். ஆனால் கிழவி ஒருநாளும் அவளை அடித்ததில்லை, திருடி என்றதில்லை. தனசேகரனுக்கும் இதெல்லாம் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தனசேகரனின் தங்கை ராஜாம்பாளைத் தியாகதுருகத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். வந்த நேரம் மத்தியானம். நேராகத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த அம்சவள்ளியை உலுக்கி எழுப்பினாள்.

"இன்னா அக்கிரமம் அண்ணி இது? எங்கம்மா யாரு கையில வாங்கித் துன்னுக்கினு இருக்குது?"

"வேற யாரு குடுத்தாலும் வாயத் தெறக்க மாட்டேங்குது ராஜாம்பா. நா இன்னா செய்வன்?"

"ஆசையாக் குடுத்தாத் துன்னும். ஒனக்குப் பட்டப்பகல்ல தூக்கம் கேக்குது."

"அப்ப ஒரு மாசம் நீ கூட்டிக்கினு போயி வச்சிக்க. நானும் ஒடம்பத் தேத்திக்கறன்."

"எங்க மாமியாக்காரி இருக்கற வூட்ல நா எப்பிடி வச்சிக்குவன்? தெரிஞ்சிக்கினே கேக்கறியே."

ராஜாம்பாள் தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். எலும்பும் தோலுமாகப் போய்விட்டாளே என்றாள். தாய் அவளிடம், "நீ எந்த ஊரும்மா, கடைசி பஸ்ஸு போயிடப் போவுது" என்றாள். ராஜாம்பாள் சாயங்காலமே கிளம்பிப் போனாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சின்னக்கண்ணு தட்டைத் தொடாமல் இருந்தாள். கிழவி சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு யாரும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் எல்லாம் பழையபடி நடந்தது.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்தபோது, இட ஒதுக்கீடு கேட்டுச் சங்கத்தின் சாலை மறியல் தொடங்கியது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது, பால் வண்டி நின்றது. தனசேகரன் வீட்டுக் கோடாலியை எடுத்துக்கொண்டு போனான். அம்சவள்ளி தன் மாத்திரை தீர்ந்துபோனதைச் சொன்னாள்.

"ஒரு வாரம் பொறு. ரோடு தெறந்ததும் வாங்கியாறன்" என்றான்.

எங்கெங்கோ போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அதன் பிறகு ஊர் ஆண்களின் பேச்சே மாறியது. தனசேகரன் வீட்டில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான் இருந்தான்.

அந்த வாரத்தில் காலனியில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி இழுப்பு வந்தது. வண்டியில் வைத்துத் திருக்கோவிலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மரம் சாய்த்த இடத்தில் வழி விடவில்லை. வாய்ச்சண்டை கைகலப்பாகி, ஊர்ப் பையன் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அன்று பொழுது இறங்கினதும் காலனி எரிந்தது.

அம்சவள்ளி தோட்டத்தில் நின்று பார்த்தாள். ஓலை எரிகிற வெளிச்சம் கரும்புக்கு மேலே தெரிந்தது. கிழவி அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "போகி வந்துட்டுதாடி?" என்று கேட்டாள்.

விடிந்து தனசேகரன் வந்தான். வேட்டியையும் சட்டையையும் கழற்றித் தானே வாளியில் ஊறப்போட்டான். ஒருநாளும் தன் துணியை நனைக்கிறவன் இல்லை அவன்.

"நீங்களும் போனீங்களா?" என்றாள் அம்சவள்ளி.

"சோத்தப் போடு" என்றான்.

போலீஸ் வேன்கள் வரத் தொடங்கியதும் ஊரில் ஆண்கள் ஒருவரும் தங்கவில்லை. தனசேகரன் கல்வராயன் மலைக்குப் போனான். வெள்ளிமலையில் வேடியப்பன் என்ற மலைக்காரனிடம் வருஷா வருஷம் சாமையும் புளியும் வாங்கிப் பழக்கம் அவனுக்கு. கிளம்பும்போது, "அம்மாவப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கரும்புக்குள் இறங்கிப் போனான்.

சின்னக்கண்ணு வரவில்லை. வரமாட்டாள் என்று அம்சவள்ளிக்குத் தெரியும். ஆனாலும் மத்தியானமானால் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

மாடு, கழனி, அடுப்பு, கிழவி எல்லாம் அவள் ஒருத்தி தலையில் விழுந்தன. இரவும் தூக்கமில்லை, பகலும் தூக்கமில்லை. கிழவி சோற்றை மறுத்தாள். "கோவிந்தம்மாவ எங்கடி தொரத்துன?" என்று கேட்டுக்கேட்டு அடித்தாள். வேலிச் சந்தில் புகுந்து ஆற்றுப் பக்கம் போய்விடுவாள். தேடி இழுத்துக்கொண்டு வரவேண்டும். ரோட்டில் மரங்களை இன்னும் முழுசாக அகற்றவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போய் மாத்திரை வாங்கிவர ஆளும் இல்லை. அம்சவள்ளிக்கு நிற்கும்போதே கண் இருட்டியது. அடுப்பில் வைத்ததை மறந்தாள். ஒரு நாள் கிழவியின் பெயரை நினைத்துப் பார்த்தபோது அது வரவில்லை. தனக்கும் அந்த நோய் ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்தாள்.

கடைசியில் கன்றுக்குட்டிக் கயிற்றை எடுத்துக் கிழவியின் காலில் கட்டி, மறு நுனியைத் தூணில் முடிந்தாள். கிழவி மாடு மாதிரி அந்த வட்டத்துக்குள் சுற்றினாள். ஒரு காலை நேரம் கிழவி தன் அசிங்கத்தை எடுத்து அம்சவள்ளியின் முகத்தில் பூசினாள். அம்சவள்ளி அவள் கன்னத்தில் அறைந்தாள். ஒன்றோடு நிற்கவில்லை. கிழவி அழவில்லை. தலையை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டு, "அடிக்காதீங்க சாமி, நா சின்னப் புள்ள" என்றாள். அம்சவள்ளி முகத்தைக்கூடத் துடைக்காமல் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் வேடியப்பன் வந்தான். மலையிலிருந்து ஜீப்பில் கச்சிராயபாளையம்வரை வந்து, அங்கிருந்து நடந்தும் வண்டி பிடித்தும் வந்து சேர்ந்திருந்தான். ஒரு பையில் சாமை அரிசி கொண்டுவந்து வாசலில் வைத்தான்.

"அண்ணன் நல்லா இருக்குதுக்கா. ஒண்ணும் பயப்பட வாணாம்னு சொல்லச் சொல்லுச்சு. எங்க கொல்லையில கொட்டாய் இருக்குது, அதுலதான் படுக்கை. மலைக் காத்துக்கு நல்லாத் தூங்குது. விடிஞ்சி எழுப்பினாத்தான் எழுந்திருக்குது."

"நல்லாத் தூங்குறாரா?" என்றாள் அம்சவள்ளி.

"ஆமாக்கா."

"அவர வரச் சொல்லு."

வேடியப்பன் உள்ளே பார்த்தான். தூணும் கயிறும் கிழவியும் தெரிந்தன. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"வந்தாப் போலீஸு புடிச்சிக்கும்க்கா."

"புடிச்சாப் புடிச்சிக்கினு போவட்டும். வரச் சொல்லு. என்னால ஆவல."

"சொல்றன்க்கா" என்றான் அவன். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினான். மலைக்குத் திரும்பியவன், வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று மட்டும்தான் தனசேகரனிடம் சொன்னான். இருக்கிற கவலை போதாதா என்று நினைத்திருப்பான்.

அவன் போன மறுநாள் காலை அம்சவள்ளி காலனிக்குப் போனாள். அந்த ஊரில் வாழ வந்ததிலிருந்து அங்கே அவள் கால் வைத்ததில்லை. மண் சுவர்கள் கருகி நின்றன. கூரைகள் இல்லை. ஒரு வேப்ப மரத்தடியில் பெரிய அண்டாவில் பொதுவாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சின்னக்கண்ணு தன் வீடு இருந்த இடத்தில் உட்கார்ந்து, சாம்பலிலிருந்து எடுத்த குண்டானைச் செங்கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னா வந்த?"

அம்சவள்ளி நின்றபடியே சொன்னாள். "தூக்கமே இல்ல சின்னக்கண்ணு. அது ஒன்னையே கேக்குது. சோறு துன்ன மாட்டேங்குது. மத்தியானத்துல மட்டும் கொஞ்ச நேரம் வந்து ஒக்காந்துக்க. அது போதும்."

சின்னக்கண்ணு தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஒம் புருசன் இங்க வந்தாரு. நா பாத்தன்."

அம்சவள்ளி கருகி நின்ற சுவரைப் பார்த்தாள்.

"அவுரு கொளுத்தல. பொய் சொல்ல மாட்டன். கொளுத்துனவனுக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தாரு. எம் மூஞ்சப் பாத்தாரு. நா யாருன்னு அவருக்குத் தெரியாதா? அவுங்கம்மாவுக்கு நாந்தான் சோறு ஊட்டறன்னு தெரியாதா? வாயத் தெறக்கல. ஆட்ட அவுத்து வுடக்கூட நேரமில்ல எனக்கு. கட்டுனபடியே வெந்துபோச்சி."

"அவரு பண்ணதுக்கு நா இன்னா செய்வன்?"

"நீ ஒண்ணும் செய்ய வாணாம். நா வர மாட்டன், அவ்ளோதான்."

"அது இன்னா பாவம் பண்ணிச்சி சின்னக்கண்ணு? கெழவி மேல ஒனக்கு இன்னா கோவம்?"

"எனக்குக் கோவமில்ல. அதுக்குப் புத்தி கெட்டதால எங்கையில வாங்கித் துன்னுச்சி. புத்தியோட இருந்த காலத்துல எனக்குக் கொட்டாங்குச்சியிலதான் தண்ணி ஊத்துச்சி. நீயும் பாத்துக்கினுதான இருந்த." குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்ந்து அம்சவள்ளியின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். "கண்ணு ரத்தமா செவந்துகெடக்குது ஒனக்கு. போயி எங்கனா படு."

அம்சவள்ளி திரும்பி நடந்தாள். அழுகை வரவில்லை. சின்னக்கண்ணு சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதும், இனிமேல் யாரும் வரப்போவதில்லை என்பதும் மட்டும் மனசில் ஓடின. வழியில் இரண்டு முறை வரப்பில் உட்கார்ந்து எழுந்தாள். வலது கால் தன் காலாக இல்லாத மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கிழவி கயிற்றை இழுத்து இழுத்துக் கணுக்காலில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஈ மொய்த்தது. அம்சவள்ளி கயிற்றை அவிழ்த்தாள். "வா அத்தே, கழுவி வுடறன்" என்று கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். கிழவி அன்று எதிர்க்காமல் கூட வந்தாள்.

வாளியைக் கிணற்றில் விட்டு இழுத்தபோது கயிறு அம்சவள்ளியின் வலது கையிலிருந்து தானாக நழுவியது. பிடிக்கப் பார்த்தாள். கை கேட்கவில்லை. வாளி விழுந்த சத்தம் காதில் விழுவதற்குள் அவளும் விழுந்திருந்தாள். கன்னம் ஈரக் கல்லில் பதிந்தது. எழுந்திருக்க நினைத்தாள். உடம்பில் பாதி அங்கே இல்லை.

கிழவி குனிந்து அவளைப் பார்த்தாள். "எழுந்திருடி, வெயில் ஏறிப்போச்சி" என்றாள். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலைமுடியைக் கோதினாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போல எழுந்து, முருங்கை மரத்தைத் தாண்டி, வேலிச் சந்தின் வழியாக ஆற்றுப் பக்கம் நடந்தாள். அம்சவள்ளிக்கு அது நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். குரல் ஏதோ வந்தது, சொல்லாக வரவில்லை. கிழவியின் புடவைத் தலைப்பு வேலி முள்ளில் மாட்டி, கிழிந்து, பிறகு அதுவும் போய்விட்டது.

பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் சேந்த வந்து பார்த்துக் கத்தியபோது பொழுது உச்சியைத் தாண்டியிருந்தது. ஊரில் ஆண்கள் இல்லை. பெண்கள்தான் மாட்டு வண்டியில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். சாய்ந்து கிடந்த மரங்களைச் சுற்றி, வயலில் இறக்கி ஏற்றி, திருக்கோவிலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மீட்டிருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள்.

ராணியம்மாளை மறுநாள் ஆற்றில், கோரைக்குள் கண்டெடுத்தார்கள். மேலே எங்கேயோ மழை பெய்து தண்ணீர் வந்திருந்தது.

சேதி கேட்டுத் தனசேகரன் மலையிலிருந்து இறங்கி வந்தான். போலீஸ் சுடுகாட்டில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு, அவன் கொள்ளி வைக்கும்வரை காத்திருந்தது. வைத்து முடித்ததும் ஈர வேட்டியோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். கடலூர் ஜெயிலில் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது அம்சவள்ளியை வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமல் ராஜாம்பாள்தான் தியாகதுருகத்துக்குக் கொண்டுபோனாள். மாமியார் முணுமுணுக்க, மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தாள். ராஜாம்பாள் அவளைக் குளிப்பாட்டினாள், பீ வாரினாள், வாயில் கஞ்சி ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, "கயித்த அவுத்து வுட்டு அனுப்பிச்சிட்டியே அண்ணி. எங்கம்மாவ ஆத்துக்குக் குடுத்துட்டியே" என்று தினமும் சொன்னாள். அம்சவள்ளியால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. போகப்போக ராஜாம்பாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. திட்டுவது குறைந்தது. ஒரு நாள் புடவை மாற்றும்போது கட்டில் காலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தனசேகரன் ஜாமீனில் வந்து பெண்டாட்டியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். துணைக்கு ஆள் தேடினான். காலனியிலிருந்து அந்தத் தெருவுக்கு யாரும் வேலைக்கு வரவில்லை. சின்னக்கண்ணு ஊரைவிட்டே போய்விட்டாள். கருணாபுரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, கள்ளக்குறிச்சியில் சித்தாள் வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். வெற்றிவேல் வந்து சில நாள் இருந்தான். அம்மாவைத் தொட்டுத் தூக்கக் கூச்சப்பட்டான். பெங்களூருக்கே திரும்பிப் போனான். எல்லாவற்றையும் தனசேகரனே செய்யவேண்டியதாயிற்று. கேசுக்கு வாய்தா வாய்தாவாக நடந்தான். மற்ற நேரம் வீட்டில் இருந்தான்.

அம்சவள்ளிக்குப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்கவேண்டியிருந்தது. தை மாசத்தில் ஒரு நாள் காலை, அவளைச் சுவரோடு சாய்த்து வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த தனசேகரன் கேட்டான்.

"அம்மா போனத நீ பாத்தியா?"

"பாத்தன்."

"கூப்புடலியா?"

"பே... பேச்சு வரல."

அவன் தலையை ஆட்டினான். அந்தப் பதிலே அவனுக்குப் போதுமாக இருந்தது. கரண்டியை மறுபடியும் அவள் வாய்க்குக் கொண்டுபோனான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"வந்திருந்தா..." என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பேச்சு வந்திருந்தா... கூப்புட்டிருப்பனான்னு... எனக்கே தெரில. போவட்டும்னு... நெனச்சன். அப்ப... தூங்கலாம்னு... நெனச்சன்."

தனசேகரன் கிண்ணத்தைத் தரையில் வைத்தான். கையில் இருந்த கஞ்சியை வேட்டியில் துடைத்தான்.

"இத ராஜாம்பாகிட்ட சொல்லாத" என்றான் பிறகு.

அவள் தலையசைத்தாள். அதோடு முடிக்கவில்லை. இடது கையால் அவன் முழங்கையைத் தொட்டாள்.

"காலனில... நீங்க நின்னத... சின்னக்கண்ணு... பாத்திருக்கறா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தை எடுத்தான். கஞ்சி ஆறி ஏடு கட்டியிருந்தது. விரலால் ஏட்டை எடுத்துப் போட்டுவிட்டுக் கரண்டியால் கலக்கினான். "ம்" என்றான். ஒரு வாய் ஊட்டினான். வலது பக்கமாக வழிந்ததைத் துடைத்தான். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயைக் கோணினாள். சொல் கிடைக்கவில்லை. அவன் கரண்டியைக் கையில் பிடித்தபடியே காத்திருந்தான்.